இரண்டாவது கியரில் ஒரு சத்தம்

11 பிப்ரவரி, செவ்வாய்

மனைவி சரசா பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சாப்பாட்டு மேஜையில சாப்பிடறதுக்கும் ஒரு மூலை மிச்சம் வைங்க." பார்த்தேன். மூலை இல்லை. தகரக் கூரை காய்ந்துகொண்டிருக்கிறது. பல்பு டப்பாவின் மடிப்பு அட்டை, அதன்மேல் சாம்பல் நிறப் பெயின்ட். தூரத்திலிருந்து பார்த்தால் தகரம். கிட்டே போனால் பல்பு டப்பா.

முப்பத்தி நான்கு வருடம் ராணுவக் கணக்கு ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்களுடைய ஃபைலில் தப்பு கண்டுபிடித்தவன் நான். இப்போது அறுபது வயதில் பொம்மை செய்கிறேன். ஓய்வு பெற்ற அன்று மகள் தீப்தி ஒரு கார் மாடல் வாங்கிக் கொடுத்தாள், நிஜக் காரில் இருபத்தி நான்கில் ஒரு பங்கு. அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று நல்ல எண்ணம். ஒன்பது நாளில் ஒட்டி முடித்தேன். பத்தாவது நாள், இந்தக் கார் எங்கே நிற்கும் என்று யோசித்தேன். அவ்வளவுதான், ஆரம்பித்தது வியாதி.

நிற்க வேண்டிய இடம் ரஃபீக் பாயின் ஒர்க்‌ஷாப்தான். போபோடிச் சந்தில், பதினாறு வருடமாக என் கார் போய்வரும் ஒரே இடம். ஒரே சிக்கல், அந்தப் பதினாறு வருடமும் அங்கே உட்கார்ந்து நான் பேப்பர் படித்திருக்கிறேன். பட்டறை மேஜையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இடது பக்கமா, வலது பக்கமா? தெரியவில்லை. நேரில் போய் அளவெடுக்க வேண்டும்.

13 பிப்ரவரி, வியாழன்

போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன்: "பாய், உங்க கடையைச் சின்னதா செய்யறேன், கொஞ்சம் அளவு எடுத்துக்கட்டுமா?" எளிமையான வாக்கியம். அங்கே போனால், சங்கிலியில் ஒரு என்ஜின் தொங்குகிறது, நாலு பேர் கரிக் கையோடு நிற்கிறார்கள். பாய் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்ன ஜம்பு சார், போன மாசம்தானே சர்வீஸ் ஆச்சு?" என்றார். பொம்மை என்ற சொல் வரவில்லை. வெளியே வந்தது இது:

"ஒரு சத்தம் வருது, பாய்."

"ஆவாஜா? எங்கேர்ந்து?"

"இடது பக்கம். முன்னாடி."

"எப்ப வருது?"

"ரெண்டாவது கியர்ல."

எங்கிருந்து வந்தது இதெல்லாம்? ஆபீசில் ஒரு நாள்கூட எனக்கு இப்படிச் சரளமாக வந்ததில்லை.

பாயின் முகம் மலர்ந்தது. சத்தம் என்றால் அவருக்கு அப்படி ஒரு ஆசை. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருப்பார். அதன் நுனியை என்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். எந்த இடத்தில் நோவு என்று சொல்லிவிடுவார். அவர் மகன் சலீம் லேப்டாப்பைச் சொருகிப் பத்து நிமிடம் பார்ப்பதை இவர் காதால் பார்ப்பார். பெரிய ஷோரூம்கள் உள்ள ஔந்திலிருந்தெல்லாம் வண்டி வரும்.

ஒரு மணி நேரம் அவர் கேட்டார். ஒரு மணி நேரம் நான் பார்த்தேன். வைஸ் வலது பக்கம். சங்கிலி மூன்றாவது உத்தரத்தில். சுவரில் பதினொரு பானா, இந்த ஊரில் ஸ்பேனருக்கு அதுதான் பெயர், நடுவில் ஒரு ஆணி மட்டும் காலி. எனக்கு மனம் நிறைந்தது. அவருக்கு இல்லை. "நாளைக்கு வாங்க சார். விட மாட்டேன்" என்றார்.

17 பிப்ரவரி, திங்கள்

மூன்றாவது தடவை. பாய் கேட்டார், "கிர்ர்னு வருதா, கீச்னு வருதா?" கிர்ர் என்றேன். வியாழக்கிழமை டக்டக் என்று சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, அவர் மறந்துவிட்டார்.

இனி நான் மறக்கக்கூடாது. சத்தப் பதிவேடு: கிர்ர். இடது முன். இரண்டாவது கியர். திரும்பும்போது. என்ஜின் சூடான பிறகு. ஏசி போட்டால் வராது.

இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு விவரம். ஆபீசில் இப்படி ஒரு ஃபைல் வந்திருந்தால் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

19 பிப்ரவரி, புதன்

என்ஜின் தூக்கும் சங்கிலி பிரமாதமாக அமைந்துவிட்டது. சரசாவின் அறுந்த கொலுசு. அவளுக்கு இன்னும் தெரியாது.

20 பிப்ரவரி, வியாழன்

தெரிந்துவிட்டது.

22 பிப்ரவரி, சனி

சுவர், மேஜை, வண்டிக்கு அடியில் இறங்கும் குழி எல்லாம் வைத்து, நடுவில் காரை நிறுத்தினேன். கல்யாண மண்டபத்தில் தனியாக நிற்கிற குழந்தை மாதிரி இருந்தது. இந்தக் கணக்கில் மேஜை பாயின் மார்பு வரை வரும்.

காரணம் கண்டுபிடிக்க அரை நாள். கடையில் டேப் வைத்து அளக்க முடியாது என்று, சும்மா சாய்ந்து நிற்பதுபோல நின்று சாணால் அளந்தேன். ஒரு சாண் ஒன்பது அங்குலம் என்று கணக்கு. இன்று சரசாவின் ஸ்கேலை எடுத்து என் கையை அளந்தால், ஏழரை. அறுபது வருடமாக என் கை பெரிய கை என்று நினைத்திருந்தேன்.

சரசா கணக்கு டீச்சர். ஸ்கேலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். மேஜையை மட்டும் அறுத்துச் சின்னதாக்கினேன். கட்டடத்தை இனிமேல் யார் பிரிப்பது? இருக்கட்டும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

"ஊருக்குள்ள ஓட்டினா வராது சார், லாங் போகணும்" என்று பாய் தன் விடுமுறை நாளைக் கெடுத்துக்கொண்டு என்னோடு கடக்வாஸ்லா அணை வரை வந்தார். ஜன்னலை ஏற்றி, ரேடியோவை அணைத்து, டேஷ்போர்டில் காதை வைத்தபடி. எனக்கு மூச்சுவிடக்கூட பயமாக இருந்தது.

அணைக்கு முன்னால் ஒரு திருப்பத்தில், இரண்டாவது கியர் போட்டதும், என் மணிக்கட்டைப் பிடித்தார். "இப்ப வருதா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவர் ஒரு மணி நேரமாகக் குனிந்தே வந்திருக்கிறார். எதையாவது கொடுக்கவேண்டும் போல இருந்தது.

"லேசா" என்றேன்.

அவர் மெதுவாகக் கையை எடுத்தார். டேஷ்போர்டிலிருந்து காதையும் எடுத்துவிட்டார். அணைக்கரையில் சுட்ட மக்காச்சோளம் வாங்கிக் கொடுத்தேன். பாதியில் வைத்துவிட்டார். வெயில் போல.

5 மார்ச், புதன்

நோன்பு மாதம். கடையில் டீ இல்லை. பாய் என் காரைத் தொடவில்லை. "சலீம் பார்ப்பான் சார்" என்றார்.

12 மார்ச், புதன்

என்ன செய்து வைத்திருக்கிறேன்.

பாய் ஓரமாக உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். சலீம் என்னைத் தெருவுக்கு அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னான். "அங்கிள், அப்பாவுக்குக் காது டெஸ்ட் எடுத்தோம். டாக்டர் நல்லா இருக்குன்னுட்டாரு. அப்பா நம்ப மாட்டேங்கறாரு. மெஷின்ல பீப் பீப் கேக்கறது வேற, என்ஜின் வேற, அப்படின்றாரு. ஜம்பு சார் ஆபீஸ் ஆளு, அவருக்கே கேக்குது, எனக்குக் கேக்கல, எனக்கு எதுக்கு இந்தத் தொழில்னு கேக்கறாரு. இனிமே டயரு, பஞ்சரு மட்டும்தானாம்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரில் காலியாக இருந்த ஆணியில் அந்த நீள ஸ்க்ரூடிரைவர் தொங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? மாடலிலும் அந்த ஆணியில் ஒன்று மாட்டவேண்டும் என்று. இப்படி ஒரு எண்ணம் வந்தது என்று எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு? சீ.

13 மார்ச், வியாழன்

சரசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேடு வரை சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். காது டெஸ்ட் என்றதும் நிறுத்திவிட்டாள்.

"சத்தம் தானா போயிடுச்சுன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க. அப்பவும் அது இருந்துச்சு, அவருக்குத்தான் கேக்கலைன்னு ஆகும். நாளைக்கே போய் உள்ளதைச் சொல்லுங்க."

"நாளைக்கு ஹோலி."

"அப்ப நாளன்னிக்கு. வேற பண்டிகை எதுவும் இல்லை, நான் காலண்டர் பார்த்துட்டேன்."

15 மார்ச், சனி

சொல்லிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பாய் டயர் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். முழங்கால் படக்கென்றது, அது ஒன்றுதான் இந்த ஒரு மாதத்தில் நிஜச் சத்தம்.

"பாய், அந்தச் சத்தம் இல்லை."

"போயிடுச்சா?"

"எப்பவுமே இல்லை. நான் பொய் சொன்னேன்."

நிமிர்ந்து பார்த்தார். புரியவில்லை அவருக்கு. எப்படிப் புரியும்? காருக்கு வராத நோயை எவன் சொல்லுவான்? சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினேன். உள்ளே நான் செய்த ஸ்க்ரூடிரைவர். குண்டூசி, பிடிக்குத் தீக்குச்சி, சிவப்புப் பெயின்ட். உங்கள் கடையைச் சின்னதாகச் செய்கிறேன், அளவு பார்க்க வந்தேன், கேட்க வெட்கமாக இருந்தது, கடக்வாஸ்லாவிலும் எதுவும் கேட்கவில்லை, லேசா என்றதும் பொய், உங்கள் காதில் ஒன்றும் இல்லை, மன்னித்துவிடுங்கள். ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

ஊசியை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஜாக்கிரதையாகத் தீப்பெட்டிக்குள் திரும்ப வைத்து, மூடி, என் கையில் கொடுத்தார். "சார், நான் நோன்பு வெச்சிருக்கேன். கெட்ட வார்த்தை பேசக்கூடாது. இப்ப நீங்க போங்க. பெருநாள் முடிஞ்சு வாங்க. அப்பத் திட்டுறேன்" என்றார்.

வந்துவிட்டேன். அங்கேயே நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

16 மார்ச், ஞாயிறு

மாடலைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி பீரோ மேல் வைத்தேன். மேஜையில் நான்கு மூலையும் காலி. சரசாவுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

24 மார்ச், திங்கள்

தாபோடிப் பாலத்தருகே காரில் ஒரு சத்தம். நிஜச் சத்தம். கணகணவென்று. பின்னாலிருந்து, மூன்றாவது கியரில். அதுகூட நான் சொன்ன மாதிரி வரவில்லை.

எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போகவும் மனம் ஒப்பவில்லை. சத்தத்தோடேயே காய்கறி வாங்கி வந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

31 மார்ச், திங்கள்

பெருநாள். வருடா வருடம் பாய் வீட்டிலிருந்து டிபன் கேரியரில் சேமியாப் பாயசம் வரும். இன்று வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காலையிலிருந்து வாசலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன்.

பன்னிரண்டு மணிக்குச் சலீம் வந்தான். டிபனை நீட்டினான். நான் கை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டான். "சாரி அங்கிள். ஆன்ட்டிக்கு மட்டும்னு அப்பா சொல்லி அனுப்பிச்சாரு."

சரசா என் எதிரிலேயே உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள். முந்திரியெல்லாம் போட்டிருந்தார்களாம்.

3 ஏப்ரல், வியாழன்

திட்டு வாங்கப் போனேன். சரசா லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். பார்க்கவேண்டுமாம். பின் சீட்டில் மாடல். கூரை நசுங்காமல் இருக்க அதற்கு சீட் பெல்ட்.

சந்து முனையில் திரும்பி, கணகண என்று கடை வாசலில் நிறுத்தினேன். பாய் பஞ்சர் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், சலீமிடம் கத்தினார்: "சைலன்சர் க்ளாம்ப் லூஸ். பின்னாடி உள்ளது. பன்னெண்டாம் நம்பர் பானா எடு."

சலீம் போகவில்லை. என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பாயும் அப்போதுதான் தான் சொன்னதைக் கேட்டார் போலிருக்கிறது. எழுந்தார். சுவரிலிருந்து அந்த நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். வண்டிக்கு அடியில் படுத்து, பிடியைக் காதில் வைத்து, என்ஜினை ஓட விடச் சொன்னார். எழுந்து வந்தபோது முகத்தில் பழைய மலர்ச்சி. க்ளாம்ப்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொன்னேன். சரசா நம்பவில்லை.

அதற்குப் பிறகு ஆரம்பித்தார். மூன்று வாரம் சேர்த்து வைத்தது. தமிழில், இந்தியில், மராட்டியில், கடைசியில் "யூஸ்லெஸ் ஃபெல்லோ" என்று ஆங்கிலத்தில். "தினம் காதை நோண்டி நோண்டிப் புண்ணாக்கிக்கிட்டேன் சார். தொழுகையில நிக்கும்போதுகூட உங்க கிர்ர்தான் தேடிட்டு இருந்தேன். ஒரு டேப் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? நானே ஒரு முனையைப் பிடிச்சிருப்பேனே." நடுவில் டீ வந்தது. குடித்துவிட்டுத் தொடர்ந்தார். அவர் விட்ட பாயின்ட்டுகளைச் சரசா எடுத்துக் கொடுத்தாள், கொலுசு உட்பட. வாடிக்கையாளர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். நான் தலையைக் குனிந்து நின்றேன். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியதில்லை.

ஓய்ந்ததும், "எங்க அது?" என்றார். மாடலை எடுத்து என் கார் பானட்மேல் வைத்தேன். சுற்றிச் சுற்றி வந்தார். பானாக்களை எண்ணினார். கொலுசுச் சங்கிலியைச் சுண்டிப் பார்த்தார். பிறகு, "என் கடை எப்ப சார் இவ்ளோ பெரிசாச்சு?" என்றார். என் சாணை விரித்துக் காட்டினேன். சரசா விளக்கினாள். கடை முழுக்கச் சிரிப்பு.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஊசி?" என்று கை நீட்டினார். தீப்பெட்டியைக் கொடுத்தேன். கரி படிந்த இரண்டு விரலால் குண்டூசியை எடுத்து, நுனியைப் பொம்மைக் காரின் மூக்கில் வைத்து, தீக்குச்சிப் பிடியில் காதை வைத்து, கண்ணை மூடினார். ஒரு நிமிடம் இருக்கும்.

"ஆவாஜ் இருக்கு சார்" என்றார். "இடது பக்கம், முன்னாடி. இந்த வண்டி இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு வாங்க."

4 ஏப்ரல், வெள்ளி

போனேன். இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம். திங்கட்கிழமை வரச் சொன்னார்.