கற்பனையாம், எங்க அக்கா

நவம்பர் 3, 2008. திங்கள்

விடியலிலிருந்தே மழை. நமுனுகுல மலை இருக்கிற இடமே தெரியல. பசறை பஸ் லேட்டு, கடை திறக்க ஒன்பது தாண்டிருச்சு. கல்யாணக் கார்டு ரெண்டு டைப் பண்ணணும், பேப்பர் சொல்லணும். ரெண்டும் நடக்கல.

பதினொரு மணி போல ஒரு ஸ்கூல் மிஸ் புதுப் புத்தகத்தோட வந்தாங்க. "முதல் அஞ்சு பக்கம் போட்டோ கொப்பி எடுத்துத் தாங்க, பிள்ளைகளுக்கு வாசிக்கக் குடுக்கணும்." மெஷின்ல கவுத்துப் போடப் போகும்போது கண்ணுல பட்டுச்சு: "அக்கா போன அன்னைக்கு அம்மா கொழுந்து எடுக்கப் பெரட்டுக்குப் போகல."

என் வரி! என் புத்தகத்தோட முதல் வரி. இதே கடையில, இதே கம்ப்யூட்டர்ல, வேலை முடிஞ்ச பிறகு ஒரு வருசமா உக்காந்து நான் டைப் பண்ணினது.

அட்டையைத் திருப்பினா மா. பேரு. பின்னால சால்வையோட கலர் போட்டோ. (முழுப் பேரையும் எழுதக் கை கூசுது. மா. போதும்.) பதுளையில டியூசன் நடத்துற பெரிய எழுத்தாளர். போன வருசம் அணிந்துரை கேட்டு நான்தான் முழுசையும் ஈமெயில்ல அனுப்பினேன். "வாசித்துவிட்டு எழுதுகிறேன் தங்கையே"ன்னு ஒரு பதில். அதோட சரி. பார்த்துப் பார்த்து அலுத்து, அணிந்துரை இல்லாமலே இன்டர்நெட்டுல போட்டேன். யாரும் வாசிக்கலாம், உரிமை ப. மகேஸ்வரிக்கு. முதல் பக்கத்துலயே தடிச்ச எழுத்துல.

"ஏன் பிள்ள, மெஷின் வேலை செய்யலையா?"

செய்யுது மிஸ். அஞ்சு பக்கமும் எடுத்துக் குடுத்தேன். என் கையாலயே.

நவ. 4. செவ்வாய்

பதுளைக்குப் போய் ஒண்ணு வாங்கினேன். என் புத்தகத்தை நானே காசு குடுத்து. கேவலம். பஸ்லயே வாசிச்சேன்.

மாத்தினது:
அக்கா பேர். செல்வமணி இப்ப மல்லிகா.
நம்ம தேயிலைத் தோட்டம் இப்ப "ஒரு மலைக் கிராமம்". கிராமமாம்!
"அம்மா" எல்லாம் "அன்னை".

மாத்தாதது: மத்த எல்லாம். அப்பா பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கத்தினது உட்பட.

முதல் பக்கத்துல ஒரு வரி சேர்த்திருக்கான். "இக்கதையில் வரும் பெயர்களும் சம்பவங்களும் யாவும் கற்பனையே."

கற்பனையா? குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இருபத்தி நாலு வயசுல பெட்டியில வந்தவ கற்பனையா? எங்க லயத்து வீட்டு வாசல்ல அந்தப் பெட்டியை இறக்கினது கற்பனையா? நாசமாப் போக. பேரைத் திருடினதைக் கூட விடுவேன், இதை விடமாட்டேன். இல்ல, பேரையும் விடமாட்டேன்.

முதலாளிகிட்ட சொன்னேன். "விடு பிள்ள. சும்மா போட்டா சும்மாதானே எடுப்பான். அச்சுல வந்தாத்தான் புத்தகம்." உங்க மோட்டார் சைக்கிள் வாசல்ல சும்மாதானே நிக்குது, நான் ஓட்டிட்டுப் போகவான்னு கேட்டேன். டீ வாங்கித் தந்தாரு.

அம்மாகிட்ட சொல்லல.

நவ. 6. வியாழன்

லீவு. பதுளையில லோயர் அம்மா. அந்த ஆள் புத்தகத்தையும் நான் கொண்டு போன பிரின்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. "எழுதின நிமிசமே உரிமை உங்களுக்குத்தான். எங்கேயும் பதியத் தேவையில்ல. அச்சடிச்சாலும் ஒண்ணுதான், இன்டர்நெட்டுல போட்டாலும் ஒண்ணுதான்." அழுகை வந்துருச்சு. ஒருத்தராச்சும் சொன்னாங்களே.

அவருக்கு அனுப்பின ஈமெயில் இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு. "அழிச்சுறாதீங்க. முதல்ல நோட்டீஸ். வழக்குன்னா கொழும்புக்குப் போகணும், இழுக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கு? பயம் இருக்கு. பதுளையில பாதிப் பேர் அந்த ஆள்கிட்டப் படிச்சவங்க.

பஸ் ஸ்டாண்ட் சுவத்துல போஸ்டர். ஞாயிறு மா. நூல் அறிமுக விழா.

நவ. 9. ஞாயிறு

போனேன். ஹோல் நிறைய சனம். குத்துவிளக்கு, பொன்னாடை, மாலை. ஒரு பேச்சாளர்: "தோட்டத்துப் பெண்ணின் மனதை இவ்வளவு அச்சு அசலாக எந்தப் பெண்ணும் எழுதியதில்லை!" கைதட்டல். பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

முடிஞ்சதும் கையெழுத்து வாங்க வரிசை. நானும் நின்னேன். அந்த ஆள் என்னை நேர்ல பார்த்ததில்ல. நிமிரக்கூட இல்ல. "பேர் என்ன தங்கச்சி?"

என் பேரைத்தான் சொல்ல இருந்தேன். வாயில வந்தது "செல்வமணி."

முகத்துல ஒரு அசைவு இல்ல. மறந்துட்டான்! அழிச்ச பேரு என்னன்னு அழிச்சவனுக்கே ஞாபகம் இல்ல. எழுதினான்: "அன்புத் தங்கை செல்வமணிக்கு." கீழ கையெழுத்து.

"படிக்கிறீங்களா, செல்வமணி?"

"செத்துட்டேன் சேர். உங்க புத்தகத்துல இருக்கே."

இப்பத்தான் நிமிர்ந்தான். பின்னால ஒருத்தர், "கொஞ்சம் நகருங்கம்மா." மா. குரலை இறக்கி, "மகேஸ்வரியா? பிறகு பேசுவோம். அடுத்த பதிப்புல நன்றியில உங்க பேரைச் சேர்க்கிறேன்."

நன்றியிலயாம்! அட்டையில இருக்கிற உங்க பேரை எடுங்கன்னு சொன்னேன். சத்தமாத்தான். நாலஞ்சு பேர் திரும்பிப் பார்த்தாங்க, ஒருத்தரும் என்ன ஏதுன்னு கேக்கல. வெளிய வந்துட்டேன். குடையை அங்கேயே விட்டுட்டேன்.

நவ. 10. திங்கள்

லோயருக்கு போன். நோட்டீஸ் அனுப்புங்க, கொழும்புன்னாலும் வாறேன்.

அம்மா கொழுந்து எடுத்துட்டு வந்து காலைக் கழுவிக்கிட்டு இருந்துச்சு. சொல்லிட்டேன், எல்லாத்தையும். திருட்டைப் பத்தி ஒண்ணும் கேக்கல. "அப்ப எம்புள்ள பொய்யின்னா போட்டிருக்கான்?"

ஆமாம்மா.

ராத்திரி அம்மாவோட சோறு அப்படியே இருந்துச்சு.

நவ. 15. சனி

மழை விட்டிருக்கு. துணி காயல.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருச்சு போல. மா. காலையிலிருந்து போன் மேல போன். எடுக்கல. லோயர் அம்மா பேசாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. அடிக்கட்டும்.

சாயந்தரம் துணியை உள்ள எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா அம்மா கையில போன்.

"மகேஸ்வரி இல்லீங்க. நான் செல்வமணியோட அம்மா பேசுறேன். சொல்லுங்க."