எல்லாம் போட்டுக்கொண்டுதான்

மார்ச் 4, புதன்

கடைக்கு இரண்டு மோட்டார் வந்தன. ஒன்று உள்ளே சுற்றிய காயில் கம்பி புகைந்து, ஒன்று தண்ணீர் குடித்து. மத்தியானம் கை முழுக்க வார்னிஷோடு இருக்கும்போது ஒரு போன். தேனீப் பெட்டி விற்கிறவராம்.

"தம்பி சொல்லி வச்ச ரெண்டு பெட்டி ரெடிண்ணே. அவர் போன் எடுக்க மாட்டேங்கிறார். உங்க நம்பரும் குடுத்திருந்தார், அதான்."

எப்படி எடுப்பான்? என் மகன், சின்னவன், போன மழைக்காலத்தில் பைக் விபத்தில் போய்விட்டான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "எப்ப வந்து எடுத்துக்கணும்?"

ஐம்பத்தாறு வயதில் எனக்கு ஒரு தேனீயையும் ஒரு ஈயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது. நாக்குக்கு மட்டும் தனியாக ஒரு மூளை இருக்கிறது போல.

மார்ச் 5, வியாழன்

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம்" என்றாள். அடுத்த துணியை எடுத்தாள்.

அவன் போனதிலிருந்து அவள் அழவில்லை. அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள், நான் மூக்கைச் சிந்திச் சிந்தி வேட்டியையே நாசம் பண்ணினேன். அவள் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அம்மா ஒரு நாள் உக்காந்து அழுதுட்டா போதும்பா, பயமா இருக்கு" என்று பெரியவள் ஒவ்வொரு போனிலும் சொல்கிறாள். எனக்கும் அந்தப் பயம்தான். நாங்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

பெட்டிக்காரரைப் போய்ப் பார்த்தேன். கடையில் போடுகிற நீல ஓவராலையே மாட்டிக்கொண்டு போனேன், பாதுகாப்பு உடை என்று. மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, இந்தக் கலரும் வேணாம், இந்த வார்னிஷ் நாத்தமும் வேணாம். அதுங்களுக்கு வெள்ளையா, மழமழன்னு இருக்கணும். முக்கியமா லூசா. துணி உடம்புல ஒட்டிச்சுன்னா அந்த எடத்துல கொடுக்கு உள்ள எறங்கிரும்."

"எனக்கு லூசா இருக்கிற துணி இன்னும் தைக்கலைங்க."

சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சின்னவன் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய்ப் பெட்டிகளுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது, பெட்டியை எப்படித் திறப்பது, புகை எப்படிப் போடுவது என்று இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். பாதி மண்டையில் ஏறவில்லை. என் பள்ளிக்கூட நாட்களும் இப்படித்தான்.

மார்ச் 10, செவ்வாய்

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

அறைக் கதவுக்குப் பின்னால் சின்னவனின் பைக் ஜாக்கெட் தொங்குகிறது. கறுப்புத் தோல், கனம், முழங்கையிலும் தோளிலும் உள்ளே அட்டை வைத்தது. ஆஸ்பத்திரியில் பையில் போட்டுக் கொடுத்ததை நான்தான் துடைத்து மாட்டினேன். வெள்ளை, மழமழ எல்லாம் மறந்து போய்விட்டது. இதைவிடக் கெட்டியான உடுப்பு உண்டா என்று எடுத்துப் போட்டேன். ஜிப் என் வயிறு வரை வந்து நின்றுகொண்டது. அவனுடைய கையுறையையும் மாட்டி, ஹெல்மெட்டைக் கையில் எடுத்தேன்.

வாசலில் அவள்.

"கழட்டுங்க."

"இல்ல, தேனீக்குத்தான் சும்மா..."

"எல்லாம் போட்டுட்டுத்தான போனான். ஹெல்மெட், கிளவுஸு, எல்லாம். கழட்டுங்க அதை."

கழற்றினேன். ஜிப் மாட்டிக்கொண்டு வரவில்லை, தலை வழியாக உருவ வேண்டியிருந்தது. உள்ளே அவன் வாடை. தலை அதற்குள் இருக்கும்போதே — கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

மேசையில் சாப்பாடு இருந்தது. பரிமாற அவள் வரவில்லை.

பெட்டிக்காரரிடம் ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டேன். "கறுப்புத் தோலா? கரடி வந்திருக்குன்னு நெனச்சுக் கொன்னுரும்ணே." கரடி என்பதில் தப்பில்லை.

மார்ச் 14, சனி

பெரியவளும் நானும் போனில் உடுப்பு தேர்ந்தெடுத்தோம். இடுப்போடு நிற்கிற சட்டை ஒன்று, கணுக்கால் வரை முழு உடுப்பு ஒன்று. இரண்டிலும் தலைக்கு வலை வைத்த தொப்பி. முதல் தடவை என்றால் முழுசுதான் என்று பெட்டிக்காரர் சொல்லியிருந்தார்.

"அதைப் போட்டா ராக்கெட்ல போறவர் மாதிரி இருப்பீங்கப்பா."

"ராக்கெட் தூக்காதும்மா."

அளவு கேட்டது கம்பெனி. டேப்பை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். என் சட்டைக்கெல்லாம் இந்த வீட்டில் அவள்தான் அளவு.

"நான் அளக்க மாட்டேன்."

"ரெண்டு நிமிஷ வேலை."

"அளந்து குடுத்தா நானே அனுப்பி வச்ச மாதிரி."

அப்போதுதான் உறைத்தது. அந்த ஜாக்கெட்டை வாங்கிக் கொடுத்தது அவள். பைக்கே வேண்டாம் என்று ஒரு மாதம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் அவளே கடைக்குக் கூட்டிப் போய், தோளை அமுக்கிப் பார்த்து, கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டைப் பார்த்து வாங்கினாள். இத்தனை மாதமும் அதைத்தான் மனசுக்குள் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாளா? டேப்போடு அறைக்குத் திரும்பினேன்.

நானே அளந்துகொண்டேன். கண்ணாடியைப் பார்த்ததும் மானம் போய்விடும் போல இருந்தது, வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தேன்.

மார்ச் 21, சனி

உடுப்பு வந்தது. நின்றால் சரி. குனிந்தால் முதுகில் மத்தளம். எக்கினது வேலையைக் காட்டிவிட்டது. திருப்பி அனுப்பலாம், ஆனால் பெட்டி நாளைக்கு வருகிறது. குனியாமல் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தேன். தேனீப் பெட்டி முழங்கால் உயரம் என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

கையுறை மெல்லிசாகத்தான் எடுத்தேன். காயில் சுற்றுகிற விரல், எதைத் தொடுகிறோம் என்று தெரியாவிட்டால் அதற்கு வேலை ஓடாது.

மார்ச் 22, ஞாயிறு

இருட்டும் நேரத்தில் பெட்டிக்காரரும் நானும் இரண்டு பெட்டியையும் பின்பக்கச் சுவரோரம் இறக்கி வைத்தோம். அவள் சமையலறை ஜன்னலைச் சாத்தினாள்.

மார்ச் 29, ஞாயிறு

உதடு வீங்கிப்போய் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை வெயில் ஏறியதும் முதல் பெட்டியைத் திறந்தேன். புகை போட்டேன். அடை கட்டிய முதல் மரச் சட்டத்தைத் தூக்கினேன், நன்றாகத்தான் போனது. இரண்டாவதை எடுக்கக் குனிந்தேன். தொப்பியின் இரண்டு ஜிப்பும் தாடைக்குக் கீழே சேர்கிற இடத்தில் ஒரு சின்ன மூடி ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகு இழுத்த இழுப்பில் அது பிய்ந்து திறந்துகொண்டது. ஒரு தேனீ உள்ளே வந்தது. வலைக்குள் அது, நானும். என் கன்னத்தை நானே அறையலாம் என்றால் நடுவில் வலை. உதட்டில் கொட்டியது. சட்டத்தைக் கீழே போட்டேன். அதோடு மொத்தப் பெட்டியும் கிளம்பிவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் சுவரில் போய் முட்டினேன்.

யாரோ கையைப் பிடித்தார்கள்.

"அசையாதீங்க. வாங்க."

அவள். வெறும் தலை, வெறும் கை. காலில் செருப்புகூட இல்லை.

"நீ உள்ள போடி, ஒனக்கு ஒண்ணும் போடல —"

"பேசாம வாங்கன்னா."

குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். தொப்பியை உருவினாள். உள்ளே இருந்ததைக் கையாலேயே நசுக்கினாள். பிறகுதான் பார்த்தேன், அவள் புறங்கையில் இரண்டு கொடுக்கு, காதுக்குக் கீழே ஒன்று. பிடித்து இழுக்கக் கூடாது, நகத்தால் சுரண்ட வேண்டும் என்று பெட்டிக்காரர் சொல்லியிருந்தார். ஈரத் தரையில் உட்கார்ந்து அவள் கையை மடியில் வைத்துச் சுரண்டினேன். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு வலிச்சிருக்குமாங்க?"

"தெரியலம்மா" என்றேன்.

"நல்ல ஜாக்கெட்டுன்னுதாங்க வாங்கினேன்."

"நல்ல ஜாக்கெட்தான்."

உதடு வீங்கி, நான் சொன்னது எனக்கே விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. வாய்விட்டு அழுதாள். வெள்ளை உடுப்போடு அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே திறந்து கிடந்த பெட்டியைச் சாயங்காலம் பெட்டிக்காரர் வந்துதான் மூடினார்.

மார்ச் 30, திங்கள்

அவள் கையும் தாடையும் புஸ்ஸென்று வீங்கியிருக்கின்றன. சமையல் நான். கஞ்சிக்கும் பசைக்கும் நடுவில் ஏதோ வந்தது. இரண்டு பேருக்கும் மெல்ல முடியாததால் யாரும் குறை சொல்லவில்லை.

கடைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டும்போது, அவன் பேரைச் சொன்னாள். ஒண்ணாவது படிக்கையில் வேலியில் கையைக் கிழித்துக்கொண்டு வந்து, தன்னிடம் காட்டாமல் நாள் முழுக்கக் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு திரிந்தானாம். எனக்குத் தெரியாத கதை. ஒரு இடத்தில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.

கடைப் பையன் போன் அடித்துக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை.