நிரப்பாமல் விட்ட கட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நேற்றிலிருந்து நீ கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை, காரணம் பின்னால் வருகிறது. இதை எப்போதோ எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. மருந்துக்கடை அக்காவின் தங்கை நாளைக் காலை ரயிலில் உன் ஊருக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், கடைக்குப் போனால் அக்கா தங்கையா என்று கேட்பார்கள், நமக்குள் ஒளிவுமறைவு இருந்ததில்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா நாடாளுமன்றத் தேர்தலுக்கு வேட்பாளர் ஆகிவிட்டாள். சிரிக்காதே.

எங்கள் வக்கீல் ஆபீஸில்தான் கட்சிக்காரர்களின் வேட்புமனு எல்லாம் தயாராகும் என்பது உனக்குத் தெரியும். அசல் வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் கட்சிக்கு ஆளில்லாமல் போகக் கூடாது என்று மாற்று வேட்பாளராக இன்னொருவரும் மனு கொடுப்பார். எங்கள் ஆபீஸில் யாராவது ஒருவர் கையெழுத்துப் போடுவோம், நாலு நாளில் வாபஸ் வாங்கிவிடுவோம், போன தடவை டைப்பிஸ்ட் அண்ணன், இந்தத் தடவை நான். சும்மா பேருக்குத்தான் தங்கச்சி, ஒரு டீ குடிக்கிற நேரம், என்றார் கண்ணாடி அண்ணன், அவர்தான் அசல் வேட்பாளர். மூன்று தேர்தல் பார்த்த மனுஷன், இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். அவர் மனுவை நான்தான் பூர்த்தி செய்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைப்பேன், என் வழக்கம் அது. என் கண் முன்னால் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டார். பிறகு, வீட்ல ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுத் தர்றேன்மா, என்று எடுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை பரிசீலனையில் நாலாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். அதிகாரி தூக்கிக் காட்டியபோது பார்த்தேன், அந்தப் பக்கத்தில் என் பென்சில் குறியும் இல்லை. பக்கத்தையே மாற்றியிருக்கிறார் பாப்பா. கட்சியிடம் மாட்டேன் என்று வாயால் சொல்ல முடியாமல் காகிதத்தால் சொல்லிவிட்டார். என் மனு செல்லும் என்றார்கள், மாற்று வேட்பாளர் அசல் ஆகிவிட்டேன். அன்று சாயங்காலமே வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார்கள். பால்காரர் இன்னும் வாசலில் பாக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் எதற்குப் பயந்தார் என்பது எனக்கு நேற்றுத்தான் புரிந்தது. மத்தியானம் ஒரு போன். குரல் அவ்வளவு மரியாதை, பாங்கில் இருந்து பேசுகிறார்கள் என்றே நினைத்தேன். வாழ்த்துக்கள் மேடம் என்றான். பாப்பா மூணாவது மாடிதானே, முன்னூத்திப் பதினாலு, ஜன்னலோரக் கட்டிலா கெடைச்சுது, நல்லாக் காத்து வருமே, செவ்வாய்க்கிழம மூணு மணி வரைக்கும் வாபஸ் வாங்கலாம் இல்ல மேடம், ஞாபகப்படுத்தத்தான் கூப்பிட்டேன், என்று சொல்லி வைத்துவிட்டான். இந்தப் போனை வேறு யார் கேட்கிறார்களோ என்றுதான் அதற்குப் பிறகு நீ கூப்பிட்டும் எடுக்கவில்லை. யார் சொல்லியிருப்பார்கள் என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் சொன்னது நான்தான். மனுவோடு கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில், சார்ந்திருப்போர் வசிக்கும் இடம் என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் மேற்படி முகவரி என்று எழுதிவிட்டுப் போவார்கள். எனக்குத்தான் எந்தக் கட்டத்தையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லையே, உன் ஹாஸ்டல் பேர், மாடி, அறை எண், ஜன்னலோரக் கட்டில் என்பது வரை முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். அது தேர்தல் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது, போகிறவர் வருகிறவர் எல்லாம் படிக்கலாம். உன் அம்மாவின் சுத்தமான கையெழுத்து.

கட்சிச் செயலாளரிடம் சொன்னேன். நீங்களும் வாபஸ் வாங்கிட்டா சின்னமே இல்லாமப் போயிடும்மா, பயந்தா அரசியல் பண்ண முடியுமா, என்று நாலு பேரைக் காவலுக்கு அனுப்பினார். முன் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் நான் குப்பை கொட்ட வாசலுக்குப் போனாலும் எங்கக்கா போறீங்க என்கிறார்கள். வெளியே இருந்து வருகிறவனைத் தடுக்கவா, உள்ளே இருப்பவள் போகாமல் இருக்கவா, தெரியவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டிய என் போஸ்டரில் இன்று காலை முகம் மட்டும் சதுரமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது, கிழிக்கவில்லை, அளவெடுத்து வெட்டியிருக்கிறார்கள். அப்பா, எம்.பி. வீட்டுக்காரர்னு எனக்கு ஒரு கார்டு அடிச்சுக் குடு, கண்டக்டர் வேலையை விட்டுடறேன், என்று என்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறார், ஆனால் டியூட்டி முடிந்து வரும்போது தினமும் வேறு வேறு தெரு வழியாக வருகிறார். ஒன்று மட்டும் உன்னிடம் மறைக்க மாட்டேன். மூன்று தேர்தலாக எத்தனையோ பேருக்காக எழுதிய பத்திரத்தில் என் பேரைப் பார்த்தபோது, நான் ஏன் நிற்கக் கூடாது என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அந்த முன்னூற்றிப் பதினாலுக்கு முன்னால் அது நிற்கவில்லை.

இதைப் படித்த உடனே துணிமணியை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை அக்காவின் தங்கையோடு கிளம்பிவிடு, அவள் எங்கே தங்குகிறாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, நீயும் எனக்குச் சொல்லாதே. வார்டனிடம் மட்டும் சொல். அம்மா அனுப்பினாங்க என்று யார் வந்தாலும், பெண்ணாக இருந்தாலும், கதவைத் திறக்காதே. போய்ச் சேர்ந்ததும் அவளையே மருந்துக்கடைக்குப் போனில் பேசச் சொல், மாத்திரை வந்துடுச்சு என்று சொன்னால் போதும், நீ பத்திரம் என்று எனக்குத் தெரிந்துவிடும். வாபஸ் பாரத்தையும் பூர்த்தி செய்து பீரோவில் வைத்திருக்கிறேன், கையெழுத்து இடத்தில் பென்சில் குறி மட்டும்தான். செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குள் மாத்திரை வந்துவிட்டால் அந்தப் பாரத்தைக் கிழித்துப் போடுவேன். வராவிட்டால் முன் அறைப் பிள்ளைகளைத் தாண்டிப் போயாவது கையெழுத்துப் போட்டுவிடுவேன், யார் என்ன சொன்னாலும் சரி.

எந்தக் கெட்ட கண்ணும் உன்மேல் படாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும் என் தங்கமே. தலையை ஈரத்தோடு முடியாதே. கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. உறையின் மேல் அனுப்புநர் இடத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை, விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா