வாய் கட்டும் துணி

வேலேந்திய பெருமான் இத்தீவையும் இங்கு வரும் கடல்வழியையும் காத்தருள்க.

எழுவைதீவு,
ஆனி 10.

தம்பி நிமலனுக்கு அண்ணன் ஏரம்பு எழுதுவது.

நலம் விசாரிக்கும் மனம் இம்முறை எனக்கில்லை. ஆடித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவதாகவும், விமானச்சீட்டு எடுத்தாயிற்று என்றும் எழுதியிருந்தீர். எங்களைக் கேட்டா எடுத்தீர்? கொழும்பில் சளிக்காய்ச்சல் மீண்டும் பரவுகிறது. உமது கனடாவில் அதைவிட மோசமாம்.

போன தடவை நடந்ததை நீர் மறந்திருக்கலாம். ஊர்காவற்றுறையில் படகேறும்போதே இருமினீர். விமானத்துக் குளிர் என்றீர். முகக்கவசத்தைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, உம்மை எதிர்கொள்ள வந்த அக்கா சத்தியபாமாவோடு மூடிய படகுக்குள் தோளோடு தோளாக இருந்தீர். வாயை மூடடா என்று அவர் சொன்னதற்கு, இது சும்மா மூக்கொழுகும் தடிமன், நீங்கள் எப்ப டொக்டரானீங்கள் என்று பகிடி விட்டீர். நான்காம் நாள் அவருக்குக் காய்ச்சல். கச்சான் காற்றில் கடல் கொந்தளித்து, அவரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு நாள் படகு ஓடவில்லை. நீர் திரும்பிப் போகையில் அவர் ஆசுப்பத்திரியில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தார். இன்றும் கிணற்றடிக்குப் போய்வர மூன்று இடத்தில் நின்று மூச்செடுக்கிறார். அந்தக் காய்ச்சல் இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

நாற்பது வருடமாக வாயைத் துணியால் கட்டிக்கொண்டே பூசை செய்கிறேன். வேலின்மேல் மனித மூச்சுப் படலாகாது என்பது நம் கோயில் முறை. சிறு வயதில் என் பின்னால் நின்று அந்த முடிச்சைப் போட்டுவிட்டவர் நீர். இரும்புக்குக் கொடுத்த மரியாதையை, உம்மைத் தூக்கி வளர்த்த அக்காவுக்குக் கொடுக்க ஏலாமல் போயிற்றே!

ஆகையால் கேளும். வந்திறங்கியதும் யாழ்ப்பாணத்தில் ஐந்து நாள் அறையெடுத்துத் தங்கிப் பரிசோதனை செய்யும். உங்களில் ஒருவருக்கு இருமல் என்றாலும் ஒருவரும் படகேற வேண்டாம். படகில் முகத்தை மூடிக்கொண்டு, காற்றுப்படும் வெளித்தட்டில் இரும். வீட்டுக்குள் வரக்கூடாது, முற்றத்து வேம்பின் கீழ் கதிரை போடப்படும். இதில் ஒன்று தவறினாலும் இறங்குதுறையில் வைத்தே திருப்பி அனுப்புவேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அன்று அதே படகில் இருந்த என் காதிலும் உமது இருமல் விழுந்தது. ஒன்பது வருடம் கழித்து வந்தவனிடம் தள்ளி இரு என்று எப்படிச் சொல்வதெனப் பேசாதிருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளைக்கு இப்படியா எழுதுவது என்று ஏசினார். பிறகு மெல்ல எழும்பிப் போய், என் பூசைத் துணிகளில் நான்கைக் கழுவிக் கொடியில் காயப் போட்டிருக்கிறார். உங்கள் முகக்கவசத்துக்கு மேலே கட்டவாம். நான் தடுக்கவில்லை.

வேலவன் உமக்கும் நிருஜாவுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் நோயற்ற நெஞ்சும் நீண்ட மூச்சும் தந்து, அக்காவின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து இருத்துவானாக.

அண்ணன்,
ஏரம்பு