யானைக்குத் தப்பின மனிசன்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

வீட்டுக்கு வந்ததும் நீங்க முதல்ல திறக்கிறது சோத்துப் பானையைத்தான். அதால இந்தக் கடிதத்தைப் பானைக்குள்ள வைக்கிறன். சோறு இல்லை.

எங்க போறீங்க, ஏன் போறீங்க எண்டு நான் கேக்கிறதை விட்டுட்டன். ஊர் விடுதா? உன்னிச்சையில வயல் வட்டைக்கு யானைக்காவல் போயிருக்காரெண்டு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்துப் போச்சு. இரவில வந்து உடுப்பு மாத்திற்றுப் போனீங்களெண்டு சனம் நம்பட்டுமெண்டு உங்கட தோய்ச்ச சாரத்தில சேறு பூசி, எல்லாரும் பாக்கத் திரும்பத் தோய்ச்சுக் கொடியில போட்டிருக்கன். "என்ன பாடுபடுறார் மனிசன்" எண்டு பக்கத்து வீட்டு யசோதினி கண் கலங்குறா. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாது.

நேற்று உண்மையாவே அந்த வட்டைக்குள்ள யானை புகுந்திற்றாம். உங்களைத் தேடிப் போகப் பொடியன்மார் மோட்டார்சைக்கிளை எடுத்திற்றாங்க. போனா அங்க உங்கட நிழலும் இராது. "இப்பதான் போன் எடுத்தவர், மருதமரத்தில ஏறித் தப்பிற்றார்" எண்டு வாசல் படலையில நிண்டு சொன்னன்.

இப்ப நீங்க ஊருக்கு வீரன். வெள்ளிக்கிழமை கோயில்ல பொன்னாடை போர்த்தப் போறாங்களாம். கதிரையில ஏறி பல்ப் மாத்தவே கால் நடுங்கிற ஆளுக்கு!

வந்து வாங்குங்க. வாயை மட்டும் திறக்காதீங்க. நான் சொல்லிச் சொல்லி உண்டாக்கின மனிசன் உங்களை விட எவ்வளவோ நல்லவன். அவன்ட பேரைக் கெடுத்திராதீங்க.

மறுகாவும் காணாமப் போகணுமெண்டா போங்க. யானை திரும்ப வராமலா இருக்கும்? அடுத்தமுறை நான் உங்களை மரத்தில ஏத்த மாட்டன்.

இவ்வளவு நாளும் உங்களுக்காகப் பொய் சொன்ன
உங்கட மனிசி