நீர்த்துளி என்று நினைத்தேன்

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். ஆபரேசன் தியேட்டர் ஏ.சி. பாதி வேலை, மீதி சத்தம்.

என் நுரையீரல் ஆய்வுக்கு இன்று இரண்டு குழந்தைகள். இன்னும் நான்கு பேரை அளந்தால் முடிந்தது. பெரியவர்கள் என்றால் "நல்லா ஊதுங்க" என்று சொல்லி அளக்கலாம். மயக்கத்தில் தூங்கும் பிள்ளையிடம் நடக்காது. தொண்டைக்குள் டியூப், டியூபுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சின்ன சென்சார். காற்றைத் தள்ளி, ஒரு கணம் நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். நிறைய இறங்கினால் மூச்சு போகும் வழி குறுகல். இறங்கி நிற்கும் அளவு, நுரையீரல் எவ்வளவு விறைப்பு என்று சொல்லும். மயக்க மருந்து கற்க வரும் பயிற்சி டாக்டர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுப்பு.

இரண்டாவது குழந்தைக்கு எண் தாறுமாறு. சென்சாருக்குள் நீர்த்துளி. டெக்னீசியன் ஜெபராஜ் அண்ணன், "மூச்சு ஈரம் மேடம், தொடச்சா சரியாயிரும்" என்றார். சரியாகிவிட்டது.

வாங்க வேண்டியது: தக்காளி, பேனா ரீஃபில்.

ஜூலை 9, புதன்

காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் பக்கத்து மாடியில்.

நாளை யாழினி. நான்கு வயது, வாடிப்பட்டி. குடலிறக்கம், அழுதால் அடிவயிறு புடைக்கிறது. ஏற்கெனவே இரண்டு முறை தேதி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். முதல் முறை சளி. இரண்டாவது முறை வேறு காரணம்.

அம்மா கவிதாவுக்குத் துணிக்கடை வேலை. "இனி லீவு கேட்டா வேலைக்கே வராதங்குறாக டாக்டர்."

"சளி, இருமல் ஏதும் இருக்கா?"

"இல்ல, நல்லா இருக்கா." நான் கேட்டு முடிக்கும் முன்பே பதில்.

நெஞ்சு சுத்தம். மூக்கைச் சுற்றி மட்டும் அம்புட்டு பவுடர். பிள்ளையை அலங்கரித்துக் கூட்டி வந்திருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டேன். ஆய்வுக்கும் கையெழுத்து வாங்கியாச்சு.

ஜூலை 10, வியாழன்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

யாழினி தூங்கியதும் டியூப், சென்சார். காற்றை நிறுத்தியதும் அழுத்தம் சரசரவென்று இறங்கியது, மற்ற பிள்ளைகளுக்கு இறங்குவதைப் போல இரண்டு மடங்கு. "மறுபடியும் தண்ணி" என்றேன். துடைத்தார்கள். அதே எண். தாளில் 'கருவிக் கோளாறு, நீக்கவும்' என்று நானே எழுதினேன். வேறு சென்சார் மாட்டச் சொன்னேன். அதே எண். இன்னொன்று கேட்டேன்.

ஜெபராஜ் அண்ணன் நகரவில்லை. "மேடம், இது புதுசு. நெஞ்ச ஒருக்கா கேளுங்க."

ஸ்டெத் வைத்தேன். இரண்டு பக்கமும் விசில், மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது. அதற்குள் ஆக்ஸிஜன் இறங்க ஆரம்பித்துவிட்டது. மயக்கத்தைக் கூட்டி, டியூப் வழியாக மருந்து அடித்து... மூச்சு சீராக எத்தனை நிமிடம் ஆனதோ தெரியவில்லை. நான் சென்சாரோடு மல்லுக்கட்டியது மூன்று நிமிடம், அது தெரியும். கத்தி வைக்காமலே எழுப்பினோம். அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே கவிதாவைப் பிடித்துக் கத்தினேன். "ரெண்டு நாளா மூக்கு ஒழுகுச்சு டாக்டர். சொன்னா மறுபடியும் தள்ளி வச்சுருவீக." பவுடர் அதற்குத்தான். தோல் உரிந்து சிவந்த மூக்கை மறைக்க.

சாப்பிடப் பிடிக்கவில்லை. அவள் என்னிடம் மறைத்தாள், சரி. மெஷின் என்னிடம் எதையும் மறைக்கவில்லையே.

ஜூலை 11, வெள்ளி

வார்டில் யாழினி இட்லி சாப்பிடுகிறாள். "எனக்கு ஆபரேசன் முடிஞ்சிருச்சா?" இன்னும் இல்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆய்வுத் தாளில் 'கருவிக் கோளாறு' என்றிருந்ததைக் கோடு போட்டு அடித்தேன். 'அளவு சரி. மருத்துவர் நம்பவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு கவிதாவிடம் போய் உட்கார்ந்தேன். நேற்றுக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது முறை திருப்பி அனுப்பியபோது தியேட்டரில் இடம் இல்லை என்றது பொய் என்றேன். அன்று என் சென்சார் பழுது. ஆய்வுக்கு அளக்காமல் யாழினியை விட மனமில்லை. அதனால்தான் தள்ளினேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். இட்லித் தட்டை மூடிவைத்தாள்.

"அன்னைக்கு இவளுக்குச் சளியே இல்லியே டாக்டர்."