அப்பாவின் கைராசி

அப்பா, இன்று அலுவலகத்தில் தீபாவளி மிட்டாய்ப் பெட்டி கொடுத்தார்கள். மூடியைத் திறந்ததும் நெய் வாசனை முகத்தில் அடித்தது. உடனே மூடிவிட்டேன். வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு துவாரகா மெட்ரோவில் ஏறிவிட்டேன்.

அன்று நீங்கள் கொண்டுவந்த பெட்டியிலும் இதே வாசனைதான். உங்களுக்குக் கைராசி என்று நம் தெருவே நம்பியது. யார் புது வீடு போனாலும் அடுப்பு பற்றவைக்க உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் கார் ஓட்டிய கரோல் பாக் சேட்டின் காதுக்கும் அது எட்டிவிட்டது.

"புதுக் கம்பெனி பூஜையில என்னையத்தான் முதல் கையெழுத்து போடச் சொன்னாரும்மா சேட். அச்சா ஆளு!" என்று மிட்டாய்ப் பெட்டியை நீட்டிப் பூரித்துப்போனீர்கள்.

"என்ன காகிதம்ப்பா?"

"நல்ல காரியத்துல போய் கேள்வி கேப்பாங்களா?"

அந்தப் பாவி, கம்பெனியையே உங்கள் பெயரில் எழுதிவைத்துவிட்டான். வருமான வரி கட்டாமல் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான். உங்கள் பெயருக்கு வந்த சம்மன்கள் அவன் பூட்டிப்போட்ட கம்பெனி முகவரிக்கே போயின. நீங்கள் கோர்ட்டுக்கு வரவில்லை என்று வாரண்ட் போட்டார்கள். காலையில் போலீஸ் வந்தபோது நெற்றியில் விபூதி ஈரம்கூடக் காயவில்லை. "ஜி, நான் வெறும் டிரைவர் ஜி," என்று இந்தியிலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னீர்கள். யார் கேட்டார்கள்?

ஜாமீனில் வந்தவர் வேறு யாரோ. காலிங் பெல் அடித்தால் குளியலறைக்குள் போய் நிற்பீர்கள். என் மகள் பிறந்தபோது, "தூக்குங்கப்பா" என்று நீட்டினேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டீர்கள்.

"வேணாம்மா. என் கை படவேணாம்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கத்தினேன், கெஞ்சினேன். ஒருநாளும் அவளைத் தொடவில்லை நீங்கள். அவள் உங்களைப் பார்த்துச் சிரித்தால் மட்டும் கண்களைத் துடைத்துக்கொள்வீர்கள்.

நீங்கள் போனபின் வழக்கை மூடிவிட்டார்கள். குற்றவாளி இறந்தால் வழக்கு இல்லையாம். என் அப்பா குற்றவாளி இல்லை என்று ஒரு வாய் சொல்லவில்லை.

ஒன்று சொல்கிறேன் அப்பா. உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, மகளைத் தூக்கிவந்து உங்கள் வலது கையை அவள் தலைமேல் வைத்தேன். "பைத்தியமாடி உனக்கு?" என்று அத்தை அலறினாள். நான் எடுக்கவில்லை. உங்கள் கை ஜில்லென்றிருந்தது. குழந்தை அழவில்லை. இன்றும் அவளுக்குத் தலை வாரும்போது என் விரல்களில் அந்தக் குளிர் ஏறுகிறது.